முக்காணியில் வலதுபக்கம்

ஆழ்வார்குறிச்சி
4.6.2023

ஜெய்சன் அவர்களுக்கு,

முத்துராணி எழுதுவது. உங்கள் நம்பரை நான் போனில் தடுத்து வைத்திருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோபத்தில் செய்ததுதான். ஆனால் இப்போது வேறு காரணமும் இருக்கிறது. குரலைக் கேட்டால் நீங்களும் அழுவீர்கள், நானும் அழுதுவிடுவேன், கேட்க வேண்டியதைக் கேட்காமலேயே போன் வைத்தாகிவிடும். அதனால் எழுதுகிறேன். பதிலும் எழுத்தில்தான் வேண்டும்.

மே 17-ம் தேதி ஆபரேஷன். என் சிறுநீரகத்தில் ஒன்றை எடுத்து உங்கள் சிநேகிதருக்கு வைப்பதாக எல்லாம் முடிவாகியிருந்தது. உறுப்பு தானக் குழுவின் அனுமதியும் வந்துவிட்டது. மூன்று வாரம்தான் பாக்கி. அப்போது ஈஸ்டர் லீவில் நீங்கள் வந்து நின்றீர்கள். உடம்பு தேறியதும் அவர் ஸ்பெயினில் உங்கள் ஊருக்கு வந்து, அந்தக் கடலோரம் முழுக்க ஒரு வாரம் காரில் சாவகாசமாகச் சுற்ற வேண்டும் என்று இரண்டு பேரும் வரைபடத்தை விரித்து வைத்துப் பேசினீர்கள். “அது எப்பவோ. இப்ப நம்ம ஆத்தோடயே போவோம், பாபநாசத்துல இருந்து கடல் வரைக்கும்” என்று ஆரம்பித்தது நீங்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதனால் சரி என்றேன்.

செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடித்து, புதன்கிழமை காலையில் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்குத் தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்திருப்பதாகச் சொன்னார். வெள்ளி சாயங்காலம் போன் செய்து “முடிஞ்சிட்டு, நல்லாருக்கேன்” என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் உடலை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கினீர்கள். மூன்றாம் நாள் விமானம் ஏறிவிட்டீர்கள். அந்த மூன்று நாளும் என் முகத்தை ஒரு தடவைகூட நேராகப் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் முன்னால் அத்தை சொன்னார்கள்: “கிட்னி குடுக்கப் பயந்துட்டு, எம் மவன ஊரு சுத்த அனுப்பிட்டா.” யாரும் மறுத்துப் பேசவில்லை. என் அண்ணன்கூட இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். பக்கத்தில் என் மகள் பிரியா பரிமாறிக்கொண்டிருந்தாள். அவளும் கேட்டாள்.

போன வாரம் அங்கன்வாடிக்கு லீவு போட்டுவிட்டுத் தூத்துக்குடிக்குப் போனேன். அந்த ஆஸ்பத்திரியில் ஏப்ரல் 28-ம் தேதி ரிஜிஸ்டரைக் காட்டினார்கள். செந்தூர்பாண்டி என்று ஒரு பெயர் இல்லை.

அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

முத்துராணி


பெர்மியோ, ஸ்பெயின்
25.6.2023

அன்புள்ள மைனிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கவரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் பிரிக்காமல் வைத்திருந்தேன். இங்கே ஜூன் மாதத்திலும் தூறல்தான். துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளைக் கரையேற்றி அடிப்பாகத்துக்கு வெல்டிங் வைக்கிறோம். வேலை அதிகம்.

நான் சீக்கிரமாகக் கிளம்பி வந்தது தப்புதான். லீவு முடிந்துவிட்டது என்று சொன்னதும் பொய். இன்னும் ஒரு வாரம் இருந்தது. உங்கள் வீட்டு முற்றத்தில் என்னால் நிற்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை நாங்கள் தூத்துக்குடிக்குப் போனோம். அங்கே மெஷின் பழுது என்றார்கள், நாளைக்கு வாருங்கள் என்றார்கள். பெயர் எழுதாதது அதனால்தான் இருக்கும். உங்களைப் பயமுறுத்த வேண்டாம் என்றுதான் பாண்டி முடிந்துவிட்டதாகச் சொன்னான். சனிக்கிழமை போவதாகத்தான் இருந்தோம். அதற்குள் அவனுக்குக் கொஞ்சம் அசதி. இதுதான் நடந்தது.

பாண்டியின் அம்மா பேசியதை மனதில் வைக்காதீர்கள். பெற்ற வயிறு. பிரியாவை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள்.

ஜெய்சன்


ஆழ்வார்குறிச்சி
20.7.2023

ஜெய்சன் அவர்களுக்கு,

அவர் சர்வேயர். பத்தொன்பது வருஷம் வயலையும் வரப்பையும் அளந்தவர். எங்கே போனாலும் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும், ஊரையும் நேரத்தையும் குறித்துக்கொள்வார் என்பது உங்களுக்குத் தெரியாததா? ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் அந்த நோட்டு இருந்தது. இத்தனை நாள் அதைத் திறக்க எனக்குத் தெம்பு இல்லை. உங்கள் கடிதம் வந்தபிறகு திறந்தேன்.

ஏப்ரல் 28, வெள்ளி. “ஆழ்வார்திருநகரி 9.40. ஏரல் 10.30. முக்காணி 11.20. ஆத்தூர் 12.15. புன்னைக்காயல் 1.00.” இவ்வளவுதான். தூத்துக்குடி இல்லை.

அவருடைய போனில் படம் இருக்கிறது. மணி 3.40. ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஒரு வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீரில் காலைத் தொங்கப் போட்டிருக்கிறார். சிரிக்கிறார். எடுத்தது நீங்கள். அந்த நேரத்தில் அவர் ஊசி குத்திய கையோடு மெஷின் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும்.

முக்காணிக்கும் ஆத்தூருக்கும் நடுவே ஆற்றுப் பாலம்தான். பத்து நிமிஷம்கூட ஆகாது. ஐம்பத்தைந்து நிமிஷம் ஆகியிருக்கிறது. அந்த நேரம் என்ன நடந்தது?

ஆறாம் வகுப்பிலிருந்து அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர் நீங்கள். அவருக்காகப் பொய் சொல்கிறீர்களா, உங்களுக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பொய்யின் விலையை இந்த ஊரில் நான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அத்தை என் கையால் சோறு வாங்கிச் சாப்பிடுவதில்லை. தனியாகப் பொங்குகிறார்கள். போன வாரம் பிரியா கேட்டாள்: “உனக்கு நெசமாவே பயமா இருந்துச்சாம்மா?”

கடைசியாக அவர் என்ன சொன்னார், அதையும் எழுதுங்கள்.

முத்துராணி


லெக்கேய்தியோ
12.8.2023, சனிக்கிழமை

மைனிக்கு,

பெர்மியோவில் அறையில் உட்கார்ந்து மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அதனால் இன்று காலையில் ஒரு பழைய காரை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பாண்டி வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்த அதே வழி. ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று எழுதி வைத்திருந்தான். வழியில் ஒவ்வொரு ஊரிலும் நிறுத்தினேன். எங்கே பார்த்தாலும் குடும்பம் குடும்பமாகக் கடலில் குளிக்கிறார்கள். ஒரு இடத்திலும் என்னால் பேனாவை எடுக்க முடியவில்லை. இங்கே மழை வந்து எல்லாரும் கலைந்தபிறகு காருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தூத்துக்குடிக்கு நாங்கள் போகவில்லை. மெஷின் பழுது என்றது என் பொய்.

முக்காணி விலக்கில் இடதுபக்கம் தூத்துக்குடி, அரை மணி நேரம். வலதுபக்கம் ஆத்தூர், புன்னைக்காயல். நான் இடதுபக்கம் சிக்னல் போட்டேன்.

“லே ஜெய்சா, வலதுபக்கம் திருப்பு” என்றான்.

“ஆஸ்பத்திரி இங்கனல்லா இருக்கு.”

“எனக்குத் தெரியாதா? இந்தப் பக்கம் பூரா அளந்தவன் நான். நீ முதல்ல வண்டிய ஓரமா நிறுத்து. ஒரு விஷயம் பேசணும்.”

ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். அந்த ஐம்பத்தைந்து நிமிஷம் அதுதான், மைனி.

அவன் உங்கள் பரிசோதனை ஃபைலைப் படித்திருக்கிறான். ஏதோ கையெழுத்துக்காக ஆஸ்பத்திரியில் கொடுத்தபோது, வராந்தாவில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்திருக்கிறான். உங்களுக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரையால் சிறுநீரகம் போயிருக்கிறது, இப்போதைக்குத் தானம் கொடுக்கத் தடை இல்லை, ஆனால் பிற்காலத்தில் ஆபத்து வரலாம் என்று எழுதியிருந்ததாம்.

“அவ ஒண்ண எனக்குக் குடுத்துருவா. பத்து வருஷம் கழிச்சு அவளுக்கு அந்த ஒண்ணும் போச்சுன்னா யாரு குடுப்பா? பிரியா வந்து படுப்பா. எனக்கு அது வேண்டாம்லே.”

“அப்ப மைனிகிட்ட சொல்லு.”

“சொன்னா கேக்குதவளா அவ? என் மூஞ்சியப் பாத்து, வேண்டாம்னு சொல்லிருவியளான்னு கேட்டா நான் கவுந்துருவேன். நீ சொல்லு. ஞாயித்துக்கிழம வீட்டுக்குப் போனதும் நீ சொல்லணும். நான் பக்கத்துல உக்காந்துக்கிடுதேன்.”

சாகணும் என்று அவன் நினைக்கவில்லை, மைனி. இதை நீங்கள் நம்ப வேண்டும். டயாலிசிஸிலேயே காலத்தைத் தள்ளிவிடலாம் என்றுதான் பேசினான். செவ்வாய்க்கிழமை வழக்கம்போலப் போய்ப் படுத்துக்கொள்வதாகச் சொன்னான். “போன தீவாளிக்கும் ஒண்ணு விட்டேன். என்ன ஆச்சு? இன்னைக்கு ஒரு நாளு அந்த மெஷினப் பாக்காம இருக்கேம்லே” என்று கெஞ்சினான்.

நான் வலதுபக்கம் திருப்பினேன்.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன். வெளிச்சம் போய்விட்டது.

கெத்தாரியா
13.8.2023, ஞாயிறு காலை

அவன் கெஞ்சினான் என்று எழுதி நிறுத்தியது நேர்மை இல்லை. எனக்கும் போக மனசில்லை. நாலு மணி நேரம் அந்த மருந்து வாடையில் உட்கார வேண்டாமே என்றுதான் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவன். அன்றைய பகலை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்டியரிங் என் கையில்தான் இருந்தது.

புன்னைக்காயலில் ரொம்ப சந்தோஷமாக இருந்தான். வள்ளத்துக்காரர்களிடம் ஆறு எந்த வருஷம் எந்தப் பக்கம் ஒதுங்கியது என்று விசாரித்துக்கொண்டே இருந்தான். அங்கிருந்துதான் உங்களுக்குப் போன் செய்தான்.

சனிக்கிழமை மணப்பாட்டுக்குப் போனோம். மேட்டில் இருக்கிற கோயிலுக்கு ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டான். “காலு கல்லு மாதிரி இருக்குலே” என்றான். முகம் ஊதியிருந்தது. இப்போதே தூத்துக்குடிக்குப் போய்விடுவோம் என்றேன். நாளைக்கு எப்படியும் வீட்டுக்குத்தானே போகிறோம் என்றான். இறங்கி வந்தால் கீழே இளநீர் வண்டி.

நீங்கள் கிளம்பும்போது ஒரு தாளில் எழுதிக் கொடுத்தீர்களே, எதெல்லாம் ஆகாது என்று. அதில் முதல் வரி இளநீர், டயாலிசிஸ்காரர்களுக்கு இதயத்தையே நிறுத்திவிடும் என்று. இரண்டு கோடு போட்டிருந்தீர்கள். அந்தத் தாள் என் சட்டைப் பையிலேயே இருந்தது. அவன் கேட்டான். வெட்டச் சொல்லி நான்தான் வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, “இன்னொண்ணு” என்றான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை. இன்னொன்றும் வாங்கிக் கொடுத்தேன்.

ராத்திரி அங்கேயே தங்கினோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முகம் கழுவிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். நினைவு இருந்தது. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு திருச்செந்தூருக்கு ஓட்டினேன். குலசேகரன்பட்டினம் தாண்டும்போது, “ஏசியக் கூட்டுலே” என்றான். கூட்டினேன். கடைசி வார்த்தை அதுதான். உங்கள் பேரையோ பிரியா பேரையோ சொன்னான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. சொல்லவில்லை.

அவன் உங்களிடம் சொல்லச் சொன்னதையும் நான் சொல்லவில்லை. சொன்னால் வெள்ளிக்கிழமையைச் சொல்ல வேண்டும், பிறகு சனிக்கிழமையை. நீங்கள் பழி சுமந்து நின்றபோது நான் வாயை மூடிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

ஜெய்சன்


ஆழ்வார்குறிச்சி
10.9.2023

ஜெய்சன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்து ஒன்பது நாள் ஆகிறது.

அந்த ஃபைலில் எழுதியிருந்தது எனக்குத் தெரியும். அவர் படிப்பதற்கு முன்னாலேயே தெரியும். தானம் கொடுக்கிறவளைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் விளக்கிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவார்கள். டாக்டரம்மா ஒரு மணி நேரம் பேசினார். என் அம்மாவைப் பற்றிக் கேட்டார். எனக்கு எத்தனை வருஷத்தில் என்ன ஆபத்து வரலாம் என்று தாளில் வரைந்தே காட்டினார். “யோசிச்சு வந்து சொல்லும்மா” என்று இரண்டு வாரம் தந்தார். இரண்டு வாரமும் யோசித்தேன். பயமாகத்தான் இருந்தது. பிரியா கேட்டபோது அதைத்தான் சொன்னேன்: பயமாக இருந்தது, ஆனாலும் கையெழுத்துப் போட்டேன் என்று. யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. அவர் கவலைப்படுவார் என்று அவரிடம் நான் சொல்லாமல் விட்டேன். அது என் தப்பு. அந்தத் தப்பை நான் காலம் பூராவும் வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் நீங்கள் இரண்டு பேரும் ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்தி, ஐம்பத்தைந்து நிமிஷத்தில் என் உடம்பைப் பற்றி முடிவு செய்திருக்கிறீர்கள். அவரோடு பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். என்னைக் கேட்டால் கவிழ்ந்துவிடுவேன் என்று சொன்னாராம். கவிழ்ந்திருக்கட்டுமே. இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்.

கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். என் மாமனாரின் தம்பிமார் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் வாசித்தேன். ஃபைலைப் பற்றிய பகுதி வந்ததும் அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். “பொண்டாட்டியக் காப்பாத்திட்டுப் போயிருக்கான் எம் மவன்” என்றார்கள். இப்போது ஊர் முழுக்க அதே பேச்சு. கடைத்தெருவில் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்கிறார்கள். நாலு மாதம் நான் கோழை. இப்போது கொடுத்து வைத்தவள். அன்றைக்கும் என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. அவர் செய்தது தப்பு என்று சொல்ல இந்த ஊரில் எனக்கு ஒரு ஆள் கிடையாது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அத்தை மறுபடியும் என் கையால் சாப்பிடுகிறார்கள். எனக்குத்தான் இறங்கவில்லை.

நீங்கள் வலதுபக்கம் திருப்பிய காரணத்தையும், இளநீர் வாங்கிக் கொடுத்ததையும் நான் வாசிக்கவில்லை. லெக்கேய்தியோவோடு நிறுத்தி, மீதி ஒன்றும் இல்லை என்று மடித்துவிட்டேன். உங்களைக் காப்பாற்றச் செய்ததாக நினைக்க வேண்டாம். உங்கள் வாயால் சொல்ல வேண்டியதை என் வாயால் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஒருவருக்காக இன்னொருவர் சொல்கிற வேலை இந்தக் குடும்பத்துக்குப் போதும்.

வந்து அத்தையிடம் நேரில் சொல்லுங்கள். பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை நான் அங்கன்வாடியில் இருப்பேன். அந்த நேரத்தில் வாருங்கள். நான் இருந்தால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பாதியை விழுங்கிவிடுவீர்கள்.

முத்துராணி


பாளையங்கோட்டை
17.11.2023

மைனிக்கு,

லீவு கிடைக்க இவ்வளவு நாள் ஆகிவிட்டது. நேற்று வியாழக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். பதினோரு மணி இருக்கும். நீங்கள் அங்கே இல்லாததால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அம்மா அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து, “ஏ மக்கா, வா” என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். காப்பி போடப் போனார்கள். வேண்டாம், முதலில் உட்காருங்கள் என்றேன். நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை. தரையில் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

முக்காணியில் ஆரம்பித்தேன். அவன் சொன்னதால் மட்டும் திருப்பவில்லை, எனக்கே ஆஸ்பத்திரிக்குப் போகப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டார்கள். மணப்பாட்டில் அவன் கால் ஓய்ந்து உட்கார்ந்ததைச் சொன்னேன். அப்போதே தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும், போகவில்லை என்றேன். அப்புறம் இளநீர். அது ஆகாது என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் வாங்கிக் கொடுத்தேன், இரண்டு வாங்கிக் கொடுத்தேன் என்றேன்.

அடிப்பார்கள் என்று நினைத்தேன். தெருவே கேட்கும்படி ஏசுவார்கள் என்று நினைத்தேன். கீழே வைத்த கீரையைத் திரும்ப மடியில் எடுத்துக்கொண்டார்கள். பிறகு கேட்டார்கள்:

“வயிறு நெறயக் குடிச்சானா?”

“குடிச்சாம்மா.”

“மிச்சம் வைக்கலையே?”

“வைக்கல. வழுக்கையும் வழிச்சித் தின்னான்.”

“மூணு வருஷம் தண்ணிய நாந்தான் அளந்து குடுத்தேன். அரை டம்ளரு, அரை டம்ளரு. கையப் பிடிச்சிக் கெஞ்சுவான், இன்னும் ஒரு வாயி ஊத்தும்மான்னு. தலையத் திருப்பிக்கிட்டு உள்ள போயிருவேன்.” அப்படிச் சொல்லிவிட்டுச் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுகிற சத்தமே வெளியே வரவில்லை, மைனி. தோள் மட்டும் ஆடியது.

நான் எழுந்தேன். அப்போது, “அவ இத வாசிக்கலையே?” என்றார்கள்.

“மைனி வேணும்னுதான் வாசிக்கல. நானே வந்து சொல்லணும்னு சொன்னாங்க. ஃபைல்ல இருந்ததும் அவங்களுக்கு மொதல்லயே தெரியும்மா. தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டாங்க.”

இதைச் சொல்ல நீங்கள் எனக்கு அனுமதி கொடுக்கவில்லை. ஒருவருக்காக இன்னொருவர் சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருந்தீர்கள். சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். “தெரிஞ்சா?” என்று இரண்டு தடவை கேட்டார்கள். “அப்ப எம் மவன் செத்தது சும்மாவாலே?”

அவன் செய்தது தப்பு என்று சொல்ல ஒரு ஆள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் நான் சொன்னேன். “ஆமாம்மா. அவன் அவங்ககிட்ட கேட்டிருக்கணும். நானும் கேக்கச் சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கணும்.”

வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்தார்கள். செருப்பு மாட்டும்போது என் முதுகில் கையை வைத்தார்கள். சின்ன வயதில் எங்கள் இரண்டு பேருக்கும் எண்ணெய் தேய்த்துவிட்ட அதே கை.

“ஜெய்சா, நீ இனி இங்க வராதலே. உன்னயப் பாத்தா அவன் உனக்குப் பொறத்தால நிக்குத மாதிரி இருக்கு. எனக்குத் தாங்காது.”

சரிம்மா என்று திரும்பினேன். அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஜெய்சன்